நாலு நாற்காலி

— சிம்பிள் சார். நாலு நாற்காலியிலயும் ஹீட்டர் வெச்சாச்சு, அவங்கவங்க எடையையும் பதிஞ்சாச்சு. உக்காந்தா சுடும், எழுந்தா அணைஞ்சிடும். வேற ஆளு உக்காந்தா மூச்சே விடாது.

— அதுதான்யா கணக்கு. உக்கார்ற இடம் சூடா இருந்தா போதாதா? வீடு முழுக்க எதுக்கு? கூடத்து ஹீட்டரைப் பாதியாக் குறைச்சிடுங்க.

— பகல்ல சார்?

— சுத்தமா அணைச்சிடுங்க. நான், அவ, பசங்க ரெண்டு பேரு. காலையிலயே கிளம்பிடுவோம். ஆளில்லாத வீட்டைச் சூடாக்கி என்ன பண்ண?

— இந்தாப்பா, முதல்ல டீயைக் குடி. கை விறைச்சுப் போச்சு பாரு.

— உங்க கைதாம்மா ஐஸ் மாதிரி இருக்கு. ரெண்டு ஸ்வெட்டர் போட்டிருக்கீங்க, அப்பவும் நடுங்குறீங்களே. சார், நாலு பேர்னுதானே சொன்னீங்க? இவங்க வேலைக்கு வர்றவங்களா?

— அது வந்து...

— ஆமாம்பா, வேலைக்குத்தான். அவரை எதுக்குக் கேட்டுக்கிட்டு? டீ ஆறிடப் போகுது.

— சிம்பிளா ஒரு டேப் மட்டும் சுத்தணும் சார். வண்டியில இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்.

— அக்கா.

— மெதுவாப் பேசுடா. படியில இறங்கிட்டுதான் இருக்கான்.

— ஏன்க்கா அப்படிச் சொன்ன? கூடப் பொறந்தவன்னு சொல்ல வேண்டியதுதானே?

— நீ திருதிருன்னு முழிச்சியே, பாக்க சகிக்கல. அந்நிய மனுஷன் முன்னாடி நீ கூனிக் குறுகி நிக்கணுமா?

— நிக்கத்தான் வேணும். பகல் பூரா நீ இங்கதான இருக்க? வாய் கூசாம ஆளில்லாத வீடுன்னுட்டேன். உன்னை வேணும்னு விடலக்கா. நினைப்பே வரல. அதை நினைச்சாதான் நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

— போதும் விடு. பத்து நாள் இருந்துட்டுப் போறேன்னுதானே பெட்டியோட வந்தேன்? பத்து நாளைக்கு வர்றவளுக்கு யாரு நாற்காலி வாங்குவா? அப்புறம் வருஷம் அது பாட்டுக்கு ஓடிப்போச்சு.

— இன்னிக்கே அஞ்சாவதா ஒண்ணு வாங்கறேன். அவன் வந்ததும் ஹீட்டர் வெக்கச் சொல்றேன். ஆமா, இத்தனை நாளா நீ எங்க உக்காந்துக்கா சாப்பிட்ட?

— உன் நாற்காலியிலதான்டா. நீ சாப்பிட்டு எழுந்ததும் ஓடிப்போய் உக்காந்துக்குவேன். அதுலதான் உன் உடம்புச் சூடு கொஞ்ச நேரம் நிக்கும்.