தம்பி பெயரில் மூன்று கோல்

மழையில் நனைந்த தோல் பந்தின் வாடை பட்டால் போதும், எண்பதுகளில் மலேசியாவின் கோலசிலாங்கூரிலிருந்து புறப்பட்ட அந்தப் பஸ்ஸுக்குள் மறுபடி ஏறிவிடுகிறேன். எனக்கு முன்னால் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு கணவன், மனைவி. நடுவில், முடியை ஒட்ட வெட்டிய மகள், மடியில் பந்து.

“நம்ம குமார மாவட்டக் குழுவுக்கு எடுத்துட்டாங்க,” என்றார் அப்பா.

“குமாரு லயத்து வீட்டுல தூங்கிக்கிட்டு இருக்கான்,” என்றார் அம்மா. “மூணு கோலும் போட்டது இவ!”

“தம்பி பேருல தானே ஆடுனா. இனியும் அப்படியே ஆடட்டும்லா.”

“எத்தன நாளைக்கு? அடுத்த வருசம் ஒடம்பே காட்டிக் குடுத்துரும். கிள்ளான்ல பொண்ணுங்க குழு இருக்காம். அங்க சேத்து விடுங்க.”

“அந்த ஆட்டத்த எவன் பாக்குறான்? மாவட்டம்னா தோட்டத்துத் தொர கையால மாலை போடுவாரு.”

“யாருக்கு?”

“குமாருக்கு.”

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது போலும். சன்னல் பக்கம் திரும்பி, ஓடுகிற செம்பனை மரங்களைப் பார்த்தார்.

தோட்டத்து முனையில் பஸ் நின்றது. மகள் பந்தை அணைத்தபடி எழுந்தாள்.

“கிள்ளான்ல கோல் போட்டா, எம் பேரச் சொல்லிக் கத்துவாங்களாம்மா?”

“கத்த அங்க ஆளு ஏது?” என்றார் அப்பா.

“நான் கத்துனா நாலு லயத்துக்குக் கேக்கும்,” என்றார் அம்மா. “மொதல்ல எறங்குங்க.”