தானாக ஆகிற ஒயின்

ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் காலை பஸ். ஆசிரியர் பயிற்சிப் பாடநூல் என் மடியில் விரிந்திருந்தது. முன் இருக்கையில் நடுவயதைத் தாண்டிய இரண்டு பெண்கள். இளையவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தபடி சொன்னாள்.

"நாங்க ஒண்ணுமே செய்யறதில்லையாமுங்க அக்கா."

"ஆரு கண்ணு சொன்னது?"

"எங்க எஸ்டேட் மொதலாளிதானுங்க. ஒயின் ருசி பாக்க மெட்ராஸ்ல இருந்து நாலு பேரு வந்திருந்தாங்க. ஈஸ்ட் போடறதில்ல, சக்கரை போடறதில்ல, நாங்க ஒண்ணுமே செய்யறதில்ல, திராட்சை தானா ஒயினாகுதுன்னு அவங்ககிட்டப் பெருமையாச் சொல்றாரு."

"அப்ப அழுகுன பழத்தைப் பொறுக்கறது, பீப்பாய் கழுவறது, மூணு வேளையும் கிளறி உடறதெல்லாம் ஆரு?"

"நாந்தானுங்க. மக பிரசவத்துக்கு லீவு கேட்டப்ப, நீ போனா ஆரு கிளறுவான்னு ரெண்டு தடவை முடியாதுன்னவருங்க."

"அப்புறம் எப்படி உட்டாரு?"

"வந்தவங்க முன்னாலயே கேட்டுப்போட்டனுங்க. தானாத்தான் ஆகுதுங்களே சார், நான் ஆஸ்பத்திரிக்குப் போயி எம்மகளைப் பாக்கட்டுங்களான்னு. அவங்க சிரிச்சுப்போட்டாங்க. அவரும் சிரிச்சுக்கிட்டே போன்னுட்டாரு."

"எத்தன நாளைக்கு?"

"அவரு கேக்கலீங்க. நானும் சொல்லலீங்க" என்று சொல்லிவிட்டு அவள் கண்களை மூடிக்கொண்டாள்.