ஏர்போர்ட் பக்கத்துல அக்கா வீடு

இல்ல இல்ல, நீங்க தாராளமா உக்காருங்க சார், நான் இப்படி ஓரமா ஒட்டிக்கிறேன். பையை மடியில வச்சுக்கிறேன், ஒண்ணும் கஷ்டம் இல்ல. பாருங்க, நல்லா உங்க வண்டியில வந்து தொத்திக்கிட்டேன். எங்க அக்கா வீடு ஏர்போர்ட் பக்கத்துலதான். போற போக்குல என்னை இறக்கி விட்டா போதும். அக்காவைப் பாத்து எவ்வளவு நாளாச்சு! இன்னைக்கு வகுப்பும் சீக்கிரம் முடிஞ்சுதா, நீங்களும் கிளம்புனீங்களா, சரி ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்னு ஏறிட்டேன். டிரைவர் அண்ணே, ஏசியைக் கொஞ்சம் குறைங்களேன். சாருக்கு இல்ல, எனக்குத்தான். காலையில இருந்து கத்திக் கத்தி தொண்டை கட்டிக் கெடக்கு.

காலையில நீங்க ஒண்ணு கேட்டீங்களே... அதை விடுங்க. அது முடிஞ்சுபோச்சு, அதைப் பத்திப் பேச நான் வரல. வகுப்பு எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லுங்க. நிஜமாவா? அப்படி மூஞ்சியை வச்சுக்கிட்டு கடைசி வரிசையில உக்காந்திருந்தீங்களே, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. தலைமை ஆபீஸ்ல இருந்து வந்திருக்காரு, அதுவும் அமெரிக்காவுலயே வருஷக்கணக்கா இருக்கறவரு, அவரு முன்னாடி அமெரிக்காவுல எப்படி இருக்கணும்னு நான் பாடம் எடுக்கறேன். என் தைரியத்தை என்னன்னு சொல்ல!

ஆனா சார், சிரிக்காதீங்க, சின்ன விஷயம்தான் இவங்களுக்கு வேணும். ஒரு வருஷம் அமெரிக்கா யுனிவர்சிட்டியில படிக்கப் போறவங்க யாரு? சின்னப் பசங்களா? மாட்டு டாக்டரு, குடிதண்ணி இன்ஜினியரு, ஆஸ்பத்திரி நர்சுங்களுக்கெல்லாம் மேல இருக்கற அம்மா. அவங்கவங்க ஆபீஸ்ல அவங்கதான் ராஜா. கதவைத் திறந்துவிடவே ஆள் உண்டு. அவங்களை உக்கார வச்சு, துணியை நீங்களேதான் மெஷின்ல போடணும், சிவப்புச் சட்டையையும் வெள்ளை பனியனையும் ஒண்ணா போடாதீங்கன்னு சொன்னா, என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க. இதெல்லாம் ஒரு பாடமான்னு. போன தடவை போன இன்ஜினியரு அப்படித்தான் பாத்தாரு. வருஷம் பூரா ரோஸ் கலர் பனியனோட திரிஞ்சாராம்.

மாட்டு டாக்டர் கதை கேளுங்க. போன புதுசுல, எதிர்ல வந்த அம்மா ஒருத்தங்க, எப்படி இருக்கீங்கன்னு கேட்டிருக்காங்க. இவரும் சந்தோஷமா நின்னு, முட்டி வலியில ஆரம்பிச்சிருக்காரு. வலது முட்டி முடிஞ்சு இடது முட்டிக்கு வரும்போது பாத்தா, அந்த அம்மா கண்ணுக்கெட்டுன தூரத்துல போயிட்டு இருக்காங்களாம். மனுஷன் நொந்தே போயிட்டாரு. அப்ப இருந்து வகுப்புல எல்லாரையும் எதிரும் புதிருமா நடக்க விடறேன். எப்படி இருக்கீங்கன்னா, நல்லாருக்கேன், நீங்கன்னு கேட்டுட்டு நடந்துகிட்டே இருக்கணும். நின்னுட்டீங்கன்னா போச்சு!

என்னண்ணே? அக்கா வீடா? இன்னும் தள்ளிண்ணே, நீங்க போங்க. நான் சொல்றேன்.

அப்புறம் நம்ம ஹெட்மாஸ்டர் ஒருத்தரு. அங்க இருக்கற புரொபசரு இவரைக் கூப்பிட்டு, என்னைப் பேர் சொல்லியே கூப்பிடுங்கன்னுட்டாராம். இவருக்கு நாக்கு வருமா? செத்தாலும் வராது. சாருன்னும் கூப்பிடக் கூடாது, பேரையும் சொல்ல முடியல. என்ன பண்ணாரு தெரியுமா? ஏதாவது கேக்கணும்னா நேரா முன்னாடி போய் நின்னு இருமுவாராம். லைட்டா. அவரு திரும்பிப் பாப்பாரு, இவரு பேச ஆரம்பிப்பாரு. கொஞ்ச நாள் ஓடுச்சு. கடைசியில அந்தப் புரொபசரே பயந்துபோய், நெஞ்சு டாக்டர்கிட்ட இவருக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டாராம். இவரும் போயி எக்ஸ்ரே எடுத்துக்கிட்டு வந்தாரு சார்! பேரைச் சொல்லிக் கூப்பிடறதைவிட எக்ஸ்ரே சுலபம்னு நினைச்சிருக்காரு, பாருங்க.

ஐயோ, கேட் போட்டுட்டாங்களா. இந்த ரயில்வே கேட்டு போட்டா போட்டதுதான், ஆடி அசைஞ்சு கூட்ஸ் வண்டி போற வரைக்கும் நாம இங்கேயேதான். உங்களுக்கு நேரம் இருக்குல்ல? சரி, அப்ப நிம்மதியா இருங்க.

எனக்கா? டீயா? வேண்டாம் சார், எனக்கு எதுக்கு, நீங்க அந்தக் கடையில போய்க் குடிங்க.

போயிட்டாரு! பாத்தீங்களா அண்ணே, கதவைத் திறந்தாரு, போயே போயிட்டாரு. திரும்பி ஒரு பார்வை? ம்ஹும்.

வாங்க வாங்க. ரெண்டு கப்பா... ஓ, ஒண்ணு அண்ணனுக்கு. சரிதான். இல்ல சார், நான் வேணும்னு பாக்கல, நல்ல இஞ்சி வாசனை, அதான் பாத்தேன். என்னண்ணே, எனக்கா? வேண்டாம்ணே, நீங்க குடிங்க. அட, வேண்டாங்கிறேன்ல. ஐயோ, சொன்னா கேக்க மாட்டீங்களா? சரி, என் ஃப்ளாஸ்க் மூடியில பாதி ஊத்துங்க. போதும் போதும்... இன்னும் கொஞ்சம் ஊத்தலாம்.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? வேண்டாம்னு சொன்னேன், குடிக்கிறேன். அவ்வளவுதானே? இதைத்தான் சார் முதல் நாளே வகுப்புல எடுப்பேன். நீங்க அன்னைக்கு வந்திருக்கணும். பத்து மணிக்கு டீ டிரேயை நானே தூக்கிட்டு வருவேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், டீ சாப்பிடறீங்களான்னு ஒரே ஒரு தடவை கேப்பேன். எல்லாரும் பரவால்லைங்க, இருக்கட்டுங்க, இப்பதான் ஆச்சுங்கம்பாங்க. ரொம்ப சரின்னுட்டு டிரேயோட நான் வெளிய போயிடுவேன். அந்த முகங்களைப் பாக்கணுமே! திரும்பி வருவா, வருவான்னு கதவையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. நான் வரவே மாட்டேன். மத்தியானம் வரைக்கும் தொண்டை காஞ்சு உக்காந்திருக்கணும். அப்புறம்தான் பாடம். அங்க ஒரு தடவைதான் கேப்பாங்க. வேண்டாம்னா வேண்டாம்தான். அது உபசாரம் தெரியாததனால இல்ல, நீங்க சொன்ன வார்த்தையை அவங்க நம்பறாங்க, அதுதான் அவங்க மரியாதை. அதனால வேணும்னா முதல் தடவையே வேணும்னு சொல்லிப் பழகுங்கன்னு சொல்லுவேன். வாரக் கடைசியில வந்து பாருங்க, டிரே உள்ள நுழையறதுக்குள்ள பாஞ்சுடுவாங்க. நர்சம்மா ரெண்டு கையிலயும் ரெண்டு கப்பு எடுப்பாங்க.

யாரு, எனக்கா? எனக்கு யாரு சொல்லித் தந்தா? போயிட்டு வந்தவங்க சொல்றதுதான் சார். நான் எங்க போனேன். பனி எப்படி இருக்கும்னு கேப்பாங்க. நான் ஆபீஸ் ஃப்ரிட்ஜைத் திறந்து, மேல ஐஸ் வைக்கற இடத்துல கையை விடுங்க, விட்டாச்சா, இப்ப உடம்பு பூரா இதுக்குள்ள இருக்கு, அப்படியே பஸ்சுக்கு நிக்கறீங்கன்னு சொல்லுவேன். எனக்குத் தெரிஞ்ச பனி அந்த ஃப்ரிட்ஜுதான். அங்க அணில் எல்லாம் பூனை சைசுல இருக்குமாமே? ஆமாவா? சொன்னாங்க, நான் நம்பல. லைப்ரரியில எந்தப் புத்தகத்தையும் நாமளே அலமாரியில இருந்து எடுத்துக்கலாமாம், எதுக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்களாம். புரொபசர் ஒண்ணு சொன்னா கையைத் தூக்கி, எனக்கு அப்படித் தோணலன்னு சொல்லலாமாம், அவருக்கு அதுல சந்தோஷமாம். இதையும் நான் வருஷா வருஷம் சொல்லித் தரேன். நம்ம டைரக்டர்கிட்ட ஒரே ஒரு தடவை சொல்லிப் பாத்தேன். மறுநாள் என் மேஜையைத் தூக்கி ஸ்டோர் ரூம் பக்கத்துல போட்டுட்டாங்க.

கேட் தூக்கிட்டாங்க, போங்கண்ணே. இல்லண்ணே, இங்க இல்ல, இன்னும் தள்ளி.

ஆமா சார், நான் போனதே இல்ல. அதான் காலையில கேட்டீங்களே. எங்க வச்சுக் கேட்டீங்க? கை கழுவற இடத்துல! எனக்கு முழங்கை வரைக்கும் சோப்பு. இந்த வருஷம் பயிற்சி தரவங்கள்ல ஒருத்தரையும் கூட அனுப்பறோம், ஒரு வருஷம் பிடிச்ச வகுப்புல உக்காந்து படிக்கலாம், நீங்க போறீங்களான்னு. நான் என்ன சொன்னேன்? ஐயய்யோ, நானா, எனக்கு எதுக்கு சார், சின்னவங்க யாராவது போகட்டும்னேன். நீங்க உடனே, ஓகே, புரியுதுன்னுட்டு கையைத் துடைச்சுக்கிட்டு கிளம்பிட்டீங்க. நான் குழாயை மூடாம அப்படியே நிக்கறேன். ஏன் சார், நீங்க பொறந்து வளந்ததெல்லாம் இங்கதானே? உங்க அம்மா உங்களை ஒரே ஒரு தடவை கேட்டுட்டா சோத்துப் பாத்திரத்தை மூடுவாங்க? சரி விடுங்க, உங்களைச் சொல்லிக் குத்தமில்ல. பாடம் எடுத்ததே நான்தானே. அதைப் பத்திப் பேச நான் வரல.

இப்ப நேரா நம்ம இன்னொரு பயிற்சி சென்டருக்குத்தானே பறக்கறீங்க? நாளைக்குக் காலையில அங்க பாடம் எடுக்கற மேடத்தைக் கேப்பீங்க. கேளுங்க. நல்லவங்கதான். நீங்க கேட்டு முடிக்கறதுக்குள்ள சரின்னுடுவாங்க, பெட்டியே கட்டிடுவாங்க. மீட்டிங்ல பிஸ்கட் தட்டு சுத்தி வரும் பாருங்க, கடைசி ஒரு பிஸ்கட்டை எல்லாரும் உனக்கு எனக்குன்னு தள்ளி விட்டுட்டு இருக்கும்போது, டக்குனு எடுத்து வாயில போட்டுக்கற ஆளு. எனக்குப் பத்திக்கிட்டு வரும். இன்னைக்கு மத்தியானம்தான் யோசிச்சேன், என் பாடத்தை ஒழுங்கா படிச்சது அந்த அம்மா மட்டும்தான்.

வீட்லயா? வீட்ல சொல்லாம இருப்பேனா? எங்க வீட்டுக்காரரு மெடிக்கல் ஷாப் வச்சிருக்காரு. சாப்பாட்டு நேரத்துல ஃபோன் பண்ணி, இந்த மாதிரி கேட்டாங்க, நான் வேண்டாம்னுட்டேன்னேன். யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக் குடுத்துட்டு வந்து மெதுவா கேக்கறாரு, நிஜ வேண்டாமா, நம்ம வீட்டு வேண்டாமான்னு. பேச்சை மாத்தி, நான் போயிட்டா சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்கன்னேன். எனக்கா, எனக்கு எல்லாம் சமைக்கத் தெரியும்னாரு. பச்சைப் பொய் சார். வெந்நீர் போடச் சொன்னாலே பாத்திரத்தைக் கருக்கிட்டு வந்து நிக்கற மனுஷன். கூசாம சொன்னாரு பாருங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு. மூக்கைச் சிந்திட்டு வந்துதான் மத்தியான வகுப்பு எடுத்தேன். நீங்க சளின்னு நினைச்சிருப்பீங்க.

இல்லண்ணே, இதுவும் இல்ல. நீங்க நேராவே போங்கண்ணே, சும்மா சும்மா கேட்டுக்கிட்டு!

வந்துடுச்சா? ஆமா, இந்த வாசல்தான், எனக்குத் தெரியாதா. வருஷா வருஷம் வந்து நிக்கறேனே. அதோ அந்தக் கண்ணாடிக் கதவு வரைக்கும்தான் நம்மளை விடுவாங்க. எல்லாரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா உள்ள போவாங்க, நான் கையாட்டுவேன். வகுப்புல கழுத்துல மாட்டிக்கிட்ட பேர் அட்டையைக் கழட்டி என்கிட்ட குடுத்துட்டுப் போவாங்க, அடுத்த வருஷத்துக்கு ஆகும்ல. அதைப் பையில போட்டுக்கிட்டு பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போவேன். பஸ்சுல ஒவ்வொரு தடவையும் அந்த அட்டைங்களை எடுத்து எடுத்துப் பாப்பேன் சார். அவங்க போறாங்களேன்னு இல்ல.

அக்கா வீடா? அக்கா வீடு தாண்டல சார். எனக்கு அக்காவே கிடையாது. எங்க வீட்ல நான்தான் மூத்தவ. வேற என்னதான் சொல்லி உங்க வண்டியில ஏறச் சொல்றீங்க?

சிரிச்சது போதும் சார், அங்க பாருங்க, செக்யூரிட்டி விசில் ஊதறாரு, வண்டியை எடுக்கச் சொல்லுவாரு. சீக்கிரம். காலையில கேட்டதை இன்னொரு தடவை கேளுங்க. ஒரே ஒரு தடவை, அதுக்கு மேல கேக்க வேண்டாம். அப்படி இல்ல, சிரிக்காம கேளுங்க. முழுசா கேளுங்க.

போறேன் சார்.

ஆமா, நிஜமாத்தான். போறேன், போறேன். அப்ப அந்த மேடத்துகிட்ட? ஓ, வகுப்பை மட்டும் பாத்துட்டு வந்துடுவீங்களா. பாவம். போகும்போது ஒரு நல்ல பிஸ்கட் பாக்கெட்டா வாங்கிட்டுப் போங்க சார். பத்திரமா போயிட்டு வாங்க.

நீங்க என்னண்ணே அங்க தோள் குலுங்கச் சிரிக்கிறீங்க? வண்டியைத் திருப்புங்க. அந்த ரயில்வே கேட்டுகிட்ட ஒரு நிமிஷம் நிறுத்துங்க, டீ குடிப்போம். எனக்கு வேணும். மூடியில எல்லாம் இல்ல, முழுக் கப்பு.