கிருமியில் கரைந்த வாயு

கனகராயன்குளத்தில் இரண்டு பெண்கள் பஸ்ஸில் ஏறி எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். மூத்தவர் ஏறும்போதே கோபமாக இருந்தார்.

“தண்ணியில கரையாத வாயு கிருமியில கரையும் எண்டு அந்த ஐயாவுக்குத் தெரியாதோ?”

அவருடைய மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் சாணியிலிருந்து சமையல் வாயு எடுக்கும் தொட்டி இருக்கிறதாம். அடுப்பு எரியாமல் போகவே, தொட்டி கட்டிக்கொடுத்த திட்டத்து அதிகாரி வந்து பார்த்திருக்கிறார்.

“வாயு முடிஞ்சுது, மூடியைத் திறந்து கலக்குங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். என்ர மனுசன் தடியை விட்டுக் கலக்கினவர். பொங்கி வந்த வாயுவில அப்பிடியே மயங்கி விழுந்திட்டார். நான்தான் காலைப் பிடிச்சு இழுத்தனான்.”

“முடிஞ்ச வாயு எங்கயிருந்தக்கா வந்தது?”

“வெறும் தண்ணியெண்டா வாயு நிக்காது. சேறு தடிச்சால் அதுக்குள்ள கோடிக்கணக்கில கிருமி. அதுகளின்ர உடம்பில இருக்கிற கொழுப்பில வாயு கரைஞ்சு கிடக்குமாம், குமிழியாயும் சிக்கியிருக்குமாம். கம்பசில படிக்கிற மகள் சொன்னவள். எனக்கு விளங்கினது, படிச்ச அந்த ஐயாவுக்கு விளங்கேல்லையோ?”

“அண்ணை இப்ப எப்பிடி?”

“எழும்பிக் கதைக்கிறார். ஆனா என்ர மனுசன்ர கவனயீனம்தான் காரணமெண்டு திட்டத்துக்காரர் கடிதம் எழுதி, என்னட்டக் கையெழுத்துக் கேக்கினம்.”

பஸ் வவுனியா நகருக்குள் நுழைந்தது.

“ஆசுப்பத்திரி வரப்போகுது, அக்கா.”

“நீ போய் அண்ணையைப் பார். நான் அந்த அதிகாரியின்ர கந்தோருக்குப் போறன். கலக்கச் சொன்னது ஆரெண்டு அந்தக் கடிதத்தில எழுதினாத்தான் என்ர கையெழுத்து.”

பஸ் நிற்பதற்கு முன்பே அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.