மாதா கோயில் கோபுரத்தின் சாரக்குழிகள்

இரவு மணி மூன்று... ஆனால் அது தோக்கியோ நேரம். மலாயாவின் கெடா மாநிலத்துக்குள் வந்த ஜப்பானியர் எங்கள் கடிகாரங்களையும் தம் விருப்பப்படி முன்னே திருப்பிவிட்டனர். பழைய கணக்கில் மணி ஒன்றரைதான். மருதம்மாள் பழைய கணக்கையே வைத்துக்கொண்டிருந்தாள்.

விளக்கைச் சற்றுக் குறையுங்கள். நெருங்கி அமருங்கள். இந்த மருதம்மாள் என் நண்பர் அழகேசனுடைய பெரியம்மா. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று. தொழிலாளர் குடியிருக்கும் தோட்டத்து லயத்திலிருந்து மாதா கோயிலுக்கு இரண்டு கல் தொலைவு. செம்மண் பாதை. இருபுறமும் ரப்பர் மரங்கள். மெர்போக் ஆற்றிலிருந்து சேற்று வாடை வீசிக்கொண்டிருந்தது. அந்தப் பாதையில் ஒருத்தி தனியாக நடந்தாள். இடுப்பில் ஒரு பாராங் கத்தி. வேறு துணை... இல்லை.

அவள் கணவன் காளிமுத்து அந்தத் தேவாலயத்துக்குள் இருந்தான். மூன்று நாள்களுக்கு முன் இலவசப் படம் காட்டுவதாகப் பறை அறைந்து ஆண்களை உள்ளே அழைத்தார்கள். பத்தொன்பது பேர் போய் அமர்ந்ததும் கதவைப் பூட்டினார்கள். விடிந்தால் லாரி வரும். சயாமில் ரயில் பாதை போட ஏற்றிச் செல்லும். அதற்கு முன் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

அன்று மாலை அவள் அவித்த மரவள்ளிக் கிழங்கைக் கொண்டுபோய்க் கதவிடுக்கில் காளிமுத்துவிடம் நீட்டினாள். தமிழ் அறியாத காவலன் பக்கத்திலேயே நின்றான்.

"காவல் மாறினதும் எல்லாரையும் கூட்டிக்கிட்டு கோபுரத்து ஜன்னலுக்கு ஏறுங்க," என்றாள்.

"ஏறி? நட்சத்திரம் எண்ணவா?"

"எண்ணுங்க. சயாமுக்குப் போனா எண்ண ஆளு மிஞ்சாதுலா. நான் வழி போட்டு வைக்கிறேன்."

"முப்பது அடி, புள்ள."

"தெரியும். அந்தச் சொவத்துக்குக் கல்லு சுமந்தவளே நான்தான்."

அது வெற்றுப் பேச்சன்று. பிரெஞ்சுப் பாதிரியார் அந்த ஆலயத்தைக் கட்டியபோது மருதம்மாள் பதினேழு வயதுச் சித்தாள். செங்கால் என்னும் காட்டு மரத்தில் செதுக்கிய தூண்கள், கூர்மையான வளைவு கொண்ட நெடிய ஜன்னல்கள், ஆளுயர உதைசுவர்கள், பின்புறம் ரப்பர்க் காட்டைப் பார்த்த சதுரக் கோபுரம்... யாவும் அவள் கண்முன் எழுந்தவை. அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். இருந்தாலும் அந்தச் சுவரை "எங்க சொவரு" என்றுதான் சொல்வாள். சாரம் கட்டுவதற்காகச் சுவரில் மூன்றடிக்கு ஒரு குழி, வலமும் இடமுமாக விட்டிருந்தனர். வேலை முடிந்ததும் பெரிய கொத்தனார் சின்னையா அக்குழிகளில் ஒவ்வொரு கல்லைச் செருகினார். பின்னாளில் பழுது பார்க்க மீண்டும் சாரம் கட்டவேண்டுமே என்று, உள்ளே சாந்து வைக்காமல் மேலே மட்டும் பூசினார். கடைசிக் குழியை அடைத்த அன்றே காய்ச்சலில் படுத்தார். மூன்றாம் நாள் இறந்தார்.

அதன் பின் இருட்டியதும் அந்தக் கோபுரத்தின் பக்கம் எவரும் போவதில்லை. சுவருக்குள் யாரோ கொத்துக்கரண்டியின் காம்பால் தட்டிப் பார்க்கிறார் என்று பேச்சு.

மருதம்மாள் கோபுரத்தின் அடியை அடைந்தாள். முன்வாசலில் காவலனின் சிகரெட் நெருப்பு... ஒரு புள்ளி. அவள் லாலாங் புல்லுக்குள் முழங்காலிட்டு, கத்தியின் பிடியால் சுவரை மெல்லத் தட்டினாள்.

டக்... டக்... டக்...

கெட்டிக் கல். ஒரு சாண் தள்ளித் தட்டினாள்.

டொக்.

கத்தி முனையால் நெம்பினாள். கல் வந்தது. அடுத்ததும் வந்தது. மூன்றாவது அவளுடைய கைக்கு எட்டவில்லை. குழியில் கால் வைத்து ஏற முயன்றாள். வழுக்கி விழுந்தாள். எழுந்தாள். மீண்டும் விழுந்தாள்.

அப்போது...

டொக்.

மேலேயிருந்து. அவள் தட்டவில்லை.

ஈரச் சுண்ணாம்பின் நெடி திடீரென்று மூக்கில் ஏறியது. ஓடிவிடலாம். ஓடினால் விடியும், லாரி வரும். அவள் நகரவில்லை. இருட்டுக்குள்ளிருந்து, மணலைச் சலிப்பது போன்ற ஒரு குரல்...

"புடி."

சாரத்தில் நிற்பவர் கீழே நிற்பவரிடம் சொல்லும் சொல் அது. அவள் கைகள் பழக்கத்தால் தாமாகவே உயர்ந்தன. குளிர்ந்த கல் ஒன்று உள்ளங்கைகளில் வந்து அமர்ந்தது. கொடுத்த கையைக் காணவில்லை.

அவளுக்கு அச்சம் எழுந்தது. அதைவிடக் கோபம் மிகுந்தது.

"பேயா இருந்தா இருந்துட்டுப் போங்க, கொத்தனாரே. எனக்கு இன்னிக்கு நேரமில்ல. மெதுவாக் கொடுங்க. கீழ விழுந்தா அவன் வந்துருவான்."

"புடி."

நான்கு... ஐந்து... ஆறு... ஒன்பதாவது குழி ஜன்னலுக்குச் சற்றுக் கீழே இருந்தது. அங்கிருந்து வந்த கல்லும் அவள் நெற்றி உயரத்தில்தான் கைக்கு வந்தது. அவள் ஒவ்வொன்றாக வாங்கிப் புல்லில் அடுக்கினாள். ஓசை எழவில்லை.

ஜன்னல் பலகை திறந்தது. முதல் ஆள் இறங்கினான். பிறகு அடுத்தவன். பத்தொன்பதாவதாகக் காளிமுத்து இறங்கினான். தரையைத் தொட்டதும் கணுக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

"ஒவ்வொரு காலையும் புடிச்சு குழிக்குள்ள வச்சியே... கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

மருதம்மாள் அந்த நேரம் முழுதும் தரையில்தான் நின்றாள்.

"வாய மூடிக்கிட்டு நடங்க. ஆத்தோரம் போய் தஞ்சோங் டாவாய்க்குப் போற படகைப் புடிங்க."

அவள் உடன் போகவில்லை. ஒருத்தி லயத்தில் இல்லையென்றால் பழி அங்குள்ள எல்லார்மீதும் விழும்.

விடிந்தது. லாரி வந்தது. பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. அதிகாரி லயத்துப் பெண்களைக் கோபுரத்தின் அடியில் வரிசையாக நிறுத்தினான். மருதம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் ஒரு குழிகூட இல்லை. புல்லில் ஒரு கல்கூட இல்லை. ஒரே வெள்ளை.

ஆனால் சுவரில் எறும்புகள் இருந்தன. கீழிருந்து ஜன்னல்வரை, மூன்றடிக்கு ஓரிடத்தில், வலமும் இடமுமாக, உள்ளங்கை அகலத்துக்கு மொய்த்துக் கிடந்தன. அக்காலத்துக் கொத்தனார்கள் சுண்ணாம்பில் வெல்லநீர் ஊற்றிக் குழைப்பார்கள். அந்த ஆண்டு கெடாவில் குழந்தையின் கஞ்சிக்குக்கூட வெல்லம் கிடையாது.

அதிகாரி எறும்புகளையே பார்த்தான். அந்த வரிசை சுவரை விட்டு இறங்கிப் புல்லைக் கடந்து பெண்களை நோக்கி வந்தது... மருதம்மாளின் காலில் ஏறியது... மூடிய அவள் வலக்கைக்குள் நுழைந்தது. கடித்தது. அவள் கண் இமைக்கவில்லை. அதிகாரி அவள் எதிரே வந்து நின்று ஏதோ உறுமினான்.

"எறும்பு ஏன் உன்கிட்ட மட்டும் வருதுன்னு கேக்குறாரு," என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி தமிழில் சொன்னார்.

"எறும்புக்கு இன்னும் ஜப்பான் சட்டம் தெரியலன்னு சொல்லுங்கய்யா."

கிராணி வேறு எதையோ மொழிபெயர்த்தார். அதிகாரி அவளை நெடுநேரம் பார்த்தான். சுவரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, அவ்விடத்தில் நிற்க விரும்பாதவனைப் போல விரைந்து போய் லாரியில் ஏறினான். லாரி வெறுமையாகச் சயாம் பாதையில் சென்றது.

அது கண்ணை விட்டு மறைந்த பிறகே மருதம்மாள் கையை விரித்தாள். இரவில் கல் வாங்கிய உள்ளங்கையில் சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது. அதில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது... அவளுடையதைவிட இரண்டு மடங்கு அகலம்.