நீட்டிய பத்திரிகை

இரவு ஒன்றே முக்கால் மணி. பாலக்காடு தாண்டி, வாளையார்க் காட்டுச் சாலை. முன்னால் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. ஒரு வெள்ளை அம்பாசிடர் மட்டும் கோயமுத்தூரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

மழை இல்லை. ஆனால் வண்டிக்குள் ஏதோ சொட்டியது. சொட்... கொஞ்ச நேரம் சும்மா இருக்கும்... மறுபடி, சொட்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வர நேரமாகும். இது நம் லோகப்பிரியாவின் பெரியம்மாவுக்கு நடந்தது. ராமாமணி என்று பெயர். சூலூரில் முப்பத்தாறு தறி ஓடுகிற வீடு. தொண்ணூற்றாறாம் வருஷம், வைகாசி மாதம்.

வண்டியை ஓட்டியவர் அவள் வீட்டுக்காரர் மருதாசலம். எப்போதும் ஓட்டுகிற ராமுலுவுக்கு இரண்டு நாள் லீவு கொடுத்துவிட்டார். தெரிந்தவன் ஒருத்தன் கூட வந்தால் போதும், விடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

தெரியக்கூடாத விஷயம் அது. ஒன்பது நாளில் மகள் கோகிலவாணிக்குக் கல்யாணம். அவளுக்கு மூல நட்சத்திரம், இருபத்தேழு வயது. அதற்கு முன் இரண்டு இடம் பேசி, இரண்டும் தட்டிப்போனது. இது மூன்றாவது, தாராபுரத்துப் பெரிய குடும்பம். இந்த நேரத்தில் வீட்டில் ஒரு சாவு என்றால் கல்யாணம் நிற்கும். நின்றால், பெண்ணின் ராசி அப்படி என்பார்கள். அப்புறம் அவளை யார் கேட்டு வருவார்கள்?

முந்தைய நாள் சாயங்காலம் போன் வந்தது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே ஒரு கடற்கரைக் கிராமம். வெள்ளைக்காரர்கள் மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து மாதக்கணக்கில் தங்குகிற ஊர். ராமாமணியின் மகன் கிருபாசங்கர் காலேஜ் டூரில் அங்கே போனவன். பலகையில் நின்றுகொண்டு அலைமேல் வருகிற ஒருத்தனைப் பார்த்திருக்கிறான். வீட்டுக்கு வந்து நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள், படிப்பு வேண்டாம், அங்கேயே போகிறேன் என்றான்.

"கோமணம் கட்டுன வெள்ளைக்காரனோட பலகைல ஏறி ஆடறதுக்கா உன்னையப் பெத்தேன்? போனா அப்படியே போயிரு. இந்த வாசப்படி ஏறாதே" என்றார் மருதாசலம்.

ராமாமணி அடுக்களையில் நின்றாள். மகன் அவளைத்தான் பார்த்தான். அவள் பருப்பைக் கடைந்துகொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருப்பதைப் பொறுமை என்று ஊரில் சொல்வார்கள். அது பயம் என்பது அவளுக்குத் தெரியும். சௌகரியமும்தான்.

மூன்று வருஷம் ஆகியிருந்தது. யார் கேட்டாலும் பையன் துபாயில் இருக்கிறான். சொல்லிச் சொல்லி அவளே சில சமயம் துபாயில் இப்போது மணி என்ன இருக்கும் என்று யோசிப்பாள்.

பாலக்காட்டுச் சொந்தங்களுக்குப் பத்திரிகை வைக்கப் போவதாக வாணியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். பொய்க்குப் பொருத்தமாக மஞ்சள் பையில் இருபது பத்திரிகை.

விடிந்து நெடுநேரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தார்கள். பாறைச் சரிவு, அதன் கீழே கடல். ஓலைக் கடைகள், கரும்பலகையில் இங்கிலீஷில் பலகாரப் பெயர்கள். வாழைப்பழத்தை மாவில் போட்டு வெண்ணெயில் சுடுகிற மணம்... அதற்கு மேல் கருவாட்டு வீச்சம்... அதற்கு மேல் ஊதுபத்தி. மேலே துணி இல்லாத ஆண்களும் பாதித் துணி போட்ட பெண்களும் மணலில் கிடந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ராமாமணிக்கு அதுதான் ஆச்சரியமாக இருந்தது. யாருமே யாரையும் பார்க்காத ஒரு ஊர்! இதற்காகத்தான் வந்தானோ என்று நினைத்தாள்.

போன் பண்ணியவர் ஷேக் பரீத். பொள்ளாச்சிக்காரர், அங்கே டீக்கடை வைத்திருந்தார். கிருபா அவர் கடையில்தான் வேலை செய்தான். அவரே பிணவறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஐஸ் கரைந்து தரையெல்லாம் தண்ணீர். சிமெண்ட் மேடையில் வெள்ளைத் துணி. கான்ஸ்டபிள் துணியை விலக்கினார்.

முடி தோள்வரை வளர்ந்திருந்தது. முகம் ஊதியிருந்தது. பலகையோடு சேர்த்துக் காலில் கயிறு கட்டிக்கொள்வார்களாம், வலது கணுக்காலைச் சுற்றி அது அறுத்த தடம். ஆனால் காது... இடது காது மடலில் ஒரு சின்ன வெட்டு இருந்தது. மூன்று வயதில் தறியில் விழுந்து பட்டது. அந்த ரத்தத்தை ராமாமணி தன் முந்தானையில் ஏந்தியிருக்கிறாள்.

"நிங்ஙளுடெ மகன் அல்லே?" என்றார் கான்ஸ்டபிள்.

மருதாசலம் நிதானமாகப் பார்த்தார். பாவு நூலில் இழை பார்க்கிற மாதிரி.

"இல்லீங்க. எங்க பையன் இல்லீங்க. அவன் துபாய்ல இருக்கறானுங்க."

"அண்ணா, நல்லாப் பாருங்க" என்றார் ஷேக் பரீத். "மூணு வருசமா எங்கூட இருந்த பையனுங்க. இந்த நெம்பரு அவன் குடுத்ததுங்க."

"எவனோ நெம்பர மாத்திக் குடுத்திருப்பான்."

ஷேக் பரீத் ராமாமணியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கக்கா."

அவளுக்கு நாக்கு எழுந்தது. எழுந்த இடத்தில் வாணியின் முகம் வந்து நின்றது. புதுப் புடவை ஒவ்வொன்றையும் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்த முகம். ராமாமணி தரையில் ஓடிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவ்வளவுதான். அதோடு வந்திருக்கலாம்.

ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டே... ஒரு இடத்திலிருந்து வெறுமனே கிளம்பத் தெரியாது. சண்டை போட்டாலும், போகும்போது வீட்டுக்கு வாங்க என்று சொல்லித்தான் வாசல் இறங்குவார்கள். மருதாசலத்துக்கும் அதே பழக்கம். வாய் தானாகப் பேசியது. பையிலிருந்து நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றை எடுத்துக் கான்ஸ்டபிளிடம் நீட்டினார்.

"பொண்ணு கல்யாணமுங்க. அடுத்த வாரம் புதங்கெழம. அவசியம் வந்துரோணுமுங்க."

கான்ஸ்டபிள் அவரை ஒரு மாதிரி பார்த்தார். வாங்கவில்லை. எழுதுவதற்கு வெளியே போய்விட்டார். மருதாசலத்தின் கை நீட்டினபடியே நின்றது. நீட்டிய பத்திரிகையைத் திருப்பிப் பையில் வைக்கக்கூடாது, கல்யாணத்துக்கு ஆகாது. அவர் அதை மேடையின் ஓரத்தில் வைத்தார். அந்தக் கால்களுக்குப் பக்கத்தில்.

"போயிட்டு வாரோமுங்க" என்றும் சொன்னார்.

சாவு இருக்கிற இடத்தில் யாரும் சொல்லாத சொல். சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. ஷேக் பரீத் கண்ணை மூடிக்கொண்டார். "நீங்க போங்கண்ணா. நான் பாத்துக்கறேன்."

அதனால்தான் அந்த ராத்திரி, வாளையார் காட்டில்... சொட்... சொட்...

பின் சீட்டிலிருந்து வந்தது. உப்பு வாடை. ஈரத் துணியை மூட்டையாகக் கட்டிவைத்த வாடை. ராமாமணி திரும்பவில்லை.

"என்ன நெளியற? பேசாம வா" என்றார் மருதாசலம். ஆனால் அவர் கண்ணாடியைப் பார்க்காமலே ஓட்டினார். பின்னால் பார்க்கும் அந்தச் சின்னக் கண்ணாடியை எப்போதோ கூரைப் பக்கம் திருப்பியிருந்தார்.

செக்போஸ்டில் காவல்காரர் டார்ச் அடித்து முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். பிறகு, தூங்குகிறவர்கள் எழுந்துவிடாதபடிக்குப் பேசுவோமே, அப்படிக் குரலைத் தணித்தார். "செரி, போங்க. பாத்து மெதுவாப் போங்க."

கல்யாண நாள். விடிந்தால் முகூர்த்தம். இரவு மூன்று மணிக்கே மண்டபம் விழித்துவிட்டது. அடுப்பில் ஆயில் காய்கிற சத்தம், சீரியல் பல்ப், மல்லிகை. ராமாமணி வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். பக்கத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மா பாவாத்தாள். வாய் சும்மா இருக்காது.

"ஏஞ் சம்மந்தி, தூங்கி வழியறீங்க? பொண்ணு போறதுக்குள்ளயே இளைச்சுப் போனீங்களே! எங்கூட்டுச் சோத்த நாலு நாளைக்கு அனுப்பி உடறனுங்க" என்று சிரித்தாள்.

அப்போது மல்லிகை வாடை நின்றது. ராமாமணி நிமிர்ந்தாள்.

வாசல் பந்தலுக்குள் ஒருத்தன் வந்துகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, வேட்டி. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தான், அவனுக்குப் பிடிக்காதபடி, அவன் அப்பாவுக்குப் பிடித்தபடி. முகம் ஊதவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இருந்த முகம். கையில் பத்திரிகை.

ராமாமணிக்கு முதலில் பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. அதைத்தான் லோகப்பிரியாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லுவாளாம். அப்படியானால் அவர் சொன்னது நிஜம்... அது நம் பையன் இல்லை. பையன் இதோ வந்துவிட்டான், அக்கா கல்யாணத்துக்கு. கிண்ணத்தைக் கீழே வைக்கப் போனாள்.

அவன் வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டான். ஏறவில்லை. வேட்டி நுனியிலிருந்து தண்ணீர் இறங்கிக் கோலத்தைக் கரைத்துக்கொண்டிருந்தது. வலது கணுக்காலில் அந்தத் தடம்.

"ஆருங்க சம்மந்தி அந்தப் பையன்? உங்க சாடையா இருக்குது" என்றாள் பாவாத்தாள். "கூப்புடுங்க. மழைல நனஞ்சவனாட்ட நிக்கறான் பாருங்க, பாவம்."

அவளுக்கும் தெரிகிறான்! அவன் அம்மாவைப் பார்த்தான். அன்றைக்கு அடுக்களையில் பார்த்த அதே பார்வை. வா என்று ஒரு சொல் போதும், ஏறிவிடுவான் என்று அவளுக்குப் புரிந்தது. ஏறினால் என்ன ஆகும்? நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வாணிக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து அவள் சிரிப்பு கேட்டது.

"தெரியலீங்க" என்றாள் ராமாமணி. சத்தமாகவே சொன்னாள். "நம்ம பையன் இல்லீங்க. வேற கல்யாணத்துக்கு வந்தவராட்ட இருக்குதுங்க."

இந்தத் தடவை அவள் பேசாமல் இருக்கவில்லை, பாருங்கள்.

அவன் பத்திரிகையைப் பிரித்து, முகவரியைச் சரிபார்க்கிறவன்போல் பார்த்தான். பிறகு மடித்தான். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. வாணி இன்றைக்கும் தாராபுரத்தில் சௌக்கியம், இரண்டு பெண்கள். மருதாசலம் நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். ராமாமணி மட்டும் தூங்கவில்லை. ராத்திரி ஒன்றே முக்காலுக்கு வாசலில் கேட்கும்.

"ஏனுங்க... ஊட்டுல ஆருங்க? எங்கம்மாவத் தேடிட்டு வந்தேனுங்க."

அவன் குரல்தான். ஆனால் மரியாதையாக. தெரியாத வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற மரியாதை. அம்மாவிடம் ஒருநாளும் அவன் 'ங்க' போட்டுப் பேசினதில்லை, 'வா, போ'தான். அந்த 'ங்க'தான் அவளை அறுத்தது. வீட்டுக்காரருக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்டதோ என்னவோ, புரண்டு படுப்பார்.

ஒரு வருஷம் பொறுத்தாள். ஆடி மாதம், காற்று அடிக்கிற ஒரு ராத்திரி, எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். கதவைத் திறந்தாள்.

"நாந்தான் கண்ணு. உங்கம்மா. உள்ள வா."

இருட்டில் நின்றவன் அவளை உற்றுப் பார்த்தான். கோபம் இல்லை. வருத்தம்கூட இல்லை. வழி கேட்கிறவன் முகம்.

"இல்லீங்க அம்மணி" என்றான். "நீங்க இல்லீங்க. தூக்கத்தக் கெடுத்துப்போட்டேன், கோவிச்சுக்காதீங்க."

படி இறங்கினான். ஈரக் கால் மண்ணில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம்... பக்கத்துக் கட்டடத்தின் கதவைத் தட்டினான். அது அவர்களுடைய தறிக்கூடம். ராத்திரி பூட்டிவிடுவார்கள். மனுஷர் யாரும் குடியிருந்த இடம் இல்லை.

உள்ளேயிருந்து தாழ் நீங்கியது.

"வா கண்ணு" என்றது ஒரு பெண் குரல். "எத்தன நேரம் நனஞ்சுட்டு நின்ன? வா, தலையத் தொவட்டி உடறேன்."