மெதுவாகச் சுற்றும் ஃபேன்

"அலோ... அலோ, பொலின்? ... ஆமா, நான்தான். இன்னா, பட்டறைக்கு போன் பண்ற? ... இரு, இரு. அழாம சொல்லு."

தட்டாஞ்சாவடியில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறை அது. மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். தெய்வசிகாமணி கையைத் துடைத்துக்கொண்டு முதலாளி மேசையோரம் உட்கார்ந்தான். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள அவன் மனைவி பொலின், மகளோடு பிரான்சுக்குப் போய் மூன்று வருஷமாகிறது. அவனுடைய விசா இழுத்துக்கொண்டே போனது. ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவாள். இன்று வெள்ளி.

"பாப்பாவுக்கு மூச்சு இழுக்குதா? ... மருந்து குடுத்தியா? ... ம், ம். வீடு ஏன் சில்லுனு கெடக்குது? ... அந்த மரத்தூள் குச்சி போடுற அடுப்பா? ... எரிஞ்சும் அனல் ரூமுக்கு வரலியா? ... ஃபேன் மெதுவா சுத்துச்சா? ... ரிப்பேர்காரன் திங்கக்கிழமைதானா? வுடு, நான் சொல்றேன்."

வீட்டைச் சூடாக்கும் அந்த அடுப்பை அவன் போட்டோவில்தான் பார்த்திருந்தான். ஆனால் ஃபேன் எங்கேயும் ஃபேன்தான்.

"எப்போ அமத்தின? ... காலையிலயா, அப்ப ஆறியிருக்கும். பிளக்கைப் புடுங்கு. ... புடுங்கிட்டியா, நெசமா? ... ஆங். பாப்பாவ அடுத்த ரூமுக்கு அனுப்பு, தூசி பறக்கும். ... பின்னாடி தகட்டுல எத்தினி ஸ்க்ரூ? ... நாலும் கழட்டு. போனைக் கீழ வெய்யி, நான் இருக்கேன்."

தகடு தரையில் மோதும் சத்தம் கேட்டது.

"ம்... உள்ள உருளையா, சன்னமா தகடு தகடா இருக்கா? ... அதான். ... பஞ்சு மாதிரி அடைஞ்சிருக்கா? பின்ன எப்படி காத்து வரும்? ... ஐயோ, தண்ணி வேணாம்! பழைய பல்லு பிரஷ்ஷால ஒவ்வொண்ணா தேய்ச்சி எடு. காத்து உள்ள போற சல்லடையையும் தொடை. ... ஆமா, ஆமா. விரலால சுத்திப் பாரு. எங்கயும் உரசல? ... அப்ப மூடு. பத்த வை. சூடேறினாத்தான் ஃபேன் ஓடும், கொஞ்சம் பொறு."

அடுப்பு சூடேறக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பாப்பாகிட்ட குடேன். ... ம். ... வெக்கமா? நான் அப்பாதானே? ... தமிழ் வரலன்றாளா? ... சரி, சரி. திட்டாத. மூச்சு வாங்குற புள்ள... இன்னா? ஓடுதா? ... கையை வெச்சிப் பாரு, சூடா வருதா? ... அட! நல்லா வருதா! ... இதுல இன்னா இருக்கு, நான் பண்றதே இந்த வேலைதானே. ... போனை வெக்கிறியா? இரு, இரு பொலின். போனை ஃபேன் கிட்ட வெய்யி. பேரிங் சத்தம் கேட்டுட்டு சொல்றேன்."

ஒரே சீராக இரைச்சல் வந்தது. பேரிங்கில் ஒரு குறையும் இல்லை. கேட்டவுடனேயே அது அவனுக்குத் தெரிந்துவிட்டது. ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டான். இரைச்சலுக்கு அப்பால் பொலின் மகளிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். மகள் பதிலுக்கு என்னவோ சொல்லிவிட்டுச் சிரித்தாள். எதற்கென்று அவனுக்கு விளங்கவில்லை. போன வருஷம் கேட்டதைவிடக் குரல் கொஞ்சம் கனத்திருந்தது.

"... ம், இருக்கேன். ... இல்ல, இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வெய்யி. சத்தம் சரியா புடிபடல."

மறுபடியும் இரைச்சல். மகள் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். பாதியில், பொலின் வாங்கியிருந்த போன் கார்டு தீர்ந்து லைன் அறுந்தது.

"அலோ? ... அலோ, பாப்பா?"